முத்திரை பெறாத கைகள்

தானியேல் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பெருவிருந்து வருகிறது. பாபிலோனிய மன்னன் பெல்சாட்சர் தன் உயர்குடி மக்கள் ஆயிரம் பேரை அழைத்திருக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து நெபுகத்னேசர் கவர்ந்து வந்த பொற்கலங்களையும் வெள்ளிக் கலங்களையும் எடுத்துவரச் செய்து, அவற்றில் மது ஊற்றிப் பருகுகிறார்கள். அவ்வேளையில் ஒரு மனிதக் கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. இப்பகுதியை மறையுரைகளில் கேட்கும் நாம், சுவரில் எழுதிய கையையே மனத்தில் பதித்துக் கொள்கிறோம். மேசைமேல் இருந்த கலங்களை நினைத்துப் பார்ப்பதில்லை. அவற்றையும் ஏதோ ஒரு கைதான் வனைந்தது. அவை ஓரிடத்தில் ஒரு நோக்கத்திற்காகச் செய்யப்பட்டன. பின்னர் வேறொருவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அழகிய கலம் எதுவாயினும் அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதைச் செய்தவர் யார்? எதற்காகச் செய்தார்? இம்மேசைக்கு இது எவ்வழியாக வந்தது? 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசர்களும் பிரபுக்களும் திரட்டி வைத்த, கற்கள் பதித்த வெள்ளி விருந்துக் கலங்களிடம் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கலைநூல்கள் அவற்றின் அழகைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கின்றன. அவை சொல்லாமல் விட்ட பகுதியில் நம் கரையோர மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் கருதுகிறோம்.

மேசையும் அச்சமும்

அக்காலத்து அரச விருந்தில் உப்புக் கிண்ணத்திற்குத் தனி மதிப்பு இருந்தது. விருந்தினர் எவர் அதற்கு அருகில் அமர்கிறார், எவர் தள்ளி அமர்கிறார் என்பதைக் கொண்டே அவர்தம் தகுதி அறியப்பட்டது. ஆகவே ஒரு பிடி உப்பை வைப்பதற்காகப் பொற்கொல்லர்கள் தங்கள் திறமை முழுவதையும் செலவிட்டார்கள். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பர்லி கப்பல் என்னும் உப்புக் கலம் உள்ளது. 1527-28-இல் பாரிசில் செய்யப்பட்டது. கீழைக்கடலில் கிடைக்கும் நாட்டிலஸ் சிப்பியின் ஓடுதான் கப்பலின் உடல். அதைக் கடற்கன்னி ஒருத்தி தாங்குகிறாள். மேலே வெள்ளியால் ஆன பாய்மரங்கள், பீரங்கிகள், மாலுமிகள். பாய்மரத்தின் அடியில் காதலர் இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள். இத்தனையும் உப்புக்காக.

அழகுக்கு அடியில் அச்சமும் இருந்தது. நஞ்சிட்டுக் கொல்லப்படுவோம் என்ற கவலை அரண்மனைகளை விட்டு நீங்கியதே இல்லை. பவளம், காண்டாமிருகக் கொம்பு, சில விலங்குகளின் வயிற்றில் திரளும் பெசோவார் கல், சுறாமீனின் கல்லாகிப்போன பற்கள் முதலியன நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் அல்லது முறிக்கும் என்று நம்பினர். அப்பற்களைப் பாம்பின் நாக்கு என்று எண்ணி, பவளக் கொடியில் தொங்கவிட்டு மேசையில் வைத்தனர். வியன்னாவில் டியூட்டானிக் துறவு அவையின் கருவூலத்தில் அத்தகையதொன்றை இன்றும் காணலாம். பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபுக்காக ஆன்டன் ஷ்வைன்பெர்கர் 1602-இல் பிராகு நகரில் செய்த புகழ்மிக்க நீர்க்குடம், கடல் தேங்காய் ஓட்டைப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் பொருத்தியது. அக்காய் எந்த மரத்தில் காய்த்தது என்பது அப்போது ஐரோப்பாவில் எவருக்கும் தெரியாது. கடலில் மிதந்து வந்ததை எடுத்தார்கள். அதுவும் நஞ்சு முறிப்பான் என்றே போற்றப்பட்டது. தொலைவிலிருந்து வந்தது, விளங்காதது, ஆகவே ஆற்றல் உடையது என்று அம்மனம் எண்ணியது. அரும்பொருள் திரட்டும் ஆசையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

பெயரைச் சொல்லும் முத்திரை

வெள்ளி எளிதில் உருகும். அதன் அழகும் ஆபத்தும் அதுவே. போர் வந்தால் கலம் காசாகிவிடும். பதினான்காம் லூயி 1689-இல் வெர்சாய் அரண்மனையின் வெள்ளித் தளவாடங்களைப் போர்ச் செலவுக்காக நாணயச் சாலைக்கு அனுப்பினார். 1527-இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது, திருத்தந்தை ஏழாம் கிளமெண்டின் மணிமுடிகளிலிருந்து கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பொன்னைத் தாமே உருக்கியதாகப் பென்வெனுட்டோ செல்லினி எழுதி வைத்திருக்கிறார். ஆக, இன்று எஞ்சியிருப்பவை செய்யப்பட்டவற்றில் சிறு பங்கே. எஞ்சியது சிறிதாகையால் திரட்டுவோர்க்கு அதன் மீது ஆவல் பெரிது.

அவ்வாறு திரட்டுவோர் முதலில் தேடுவது முத்திரையை. ஆக்சுபர்க் நகரத்து வெள்ளியில் தேவதாருக் காயின் உருவம் இருக்கும். நியூரம்பெர்க் வெள்ளியில் 'என்' என்னும் உரோமன் எழுத்து. அருகில் கொல்லர் தம் சொந்த முத்திரை. வெள்ளியின் தரத்திற்கு நகரமும் வேலையின் தரத்திற்குக் கொல்லரும் பொறுப்பேற்றதன் அடையாளம் இது. நேர்மையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க் ரோசன்பெர்க் என்னும் ஜெர்மன் அறிஞர் இம்முத்திரைகளைத் தொகுத்து நூலாக்கினார். அதன்பின் கையில் ஒரு கிண்ணத்தை ஏந்தியவர் அதைத் திருப்பிப் பார்த்து, ஊரையும் ஆளையும் ஏறத்தாழ ஆண்டையும் சொல்ல முடிந்தது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள மெர்க்கல் மேசையணி 1549-இல் நியூரம்பெர்க் வென்சல் யாம்னிட்சர் செய்தது என்பதும், அவர் புல்லையும் பல்லியையும் அச்செடுத்து வெள்ளியில் வார்த்தவர் என்பதும் கலை வரலாறு நன்கறிந்த செய்திகள். பெயர் இருப்பதால் வரலாறு இருக்கிறது.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. முத்திரை வெள்ளியில்தான் விழும், கல்லில் விழாது. சிப்பியில் விழாது. திரெஸ்டன் நகரின் பசுங் கருவூலத்தில், முத்துப்போல் ஒளிரும் சிப்பித் தகடுகளால் ஆன தட்டுகளும் கலங்களும் உள்ளன. குஜராத்துக் கைவினைஞர்கள் தகடுகளை இதழ் இதழாக அறுத்து, இடைவெளி தெரியாமல் அடுக்கிச் செய்தவை. சாக்சனி நாட்டு ஆட்சியாளர்களின் கைக்கு வந்தபின், நியூரம்பெர்க் நிக்கோலாஸ் ஷ்மிட், லைப்சிக் எலியாஸ் கையர் போன்ற கொல்லர்கள் இத்தகைய சிப்பிக் கலங்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கட்டு அமைத்தனர். கட்டு அமைத்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. சிப்பியை அறுத்தவர் பெயர் தெரியாது. 'குஜராத்து, 16-ஆம் நூற்றாண்டு' என்பதோடு விளக்க அட்டை நின்றுவிடுகிறது. வேறு வழியும் அதற்கு இல்லை. குறை அட்டை எழுதியவருடையது அன்று. பெயரைக் குறித்துவைக்க வேண்டும் என்று அன்று எவரும் எண்ணவில்லை என்பதே குறை.

வெள்ளியின் கதையும் இதற்கு விலக்கன்று. சாக்சனி, போகீமியச் சுரங்க வெள்ளியோடு, 1545-க்குப் பின் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலை வெள்ளியும் ஐரோப்பாவிற்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. அம்மலையின் குடைவுகளில் பழங்குடி மக்கள் முறைவைத்துக் கட்டாய வேலை செய்தனர். உலோகத்தின் தூய்மையைச் சோதிக்க முத்திரை இருந்தது. அது வந்த வழியின் தூய்மையைச் சோதிக்க முத்திரை எதுவும் இல்லை.

ஏமாந்த கண்கள்

பெயரையும் கட்டையும் மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை 19-ஆம் நூற்றாண்டு காட்டிக் கொடுத்தது. ரைன்கோல்டு ஃபாஸ்டர்ஸ் என்பவர் ஆகன் நகரத்துப் பொற்கொல்லர். 1827-இல் பிறந்து 1909-இல் மறைந்தவர். ஆகன் பேராலயக் கருவூலத்துப் பொருள்களைச் செப்பனிடும் பணி அவரிடம் இருந்தது. திருப்பண்டங்களைத் தொட்டுப் பழகிய அக்கை, பழையனவும் புதியனவுமான படிகக் கலங்களுக்குப் பொன்னும் எனாமலும் மணிகளும் சேர்த்து மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டுகளைப் புதிதாகச் செய்தது. அவை பாரிசு வணிகர்வழி பெருஞ்செல்வர்களின் மாளிகைகளுக்கும், அங்கிருந்து பெரும் அருங்காட்சியகங்களுக்கும் சென்றன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு 1913-இல் ஒரு செல்வர் விட்டுச் சென்ற ரோஸ்பிக்லியோசி கிண்ணம், செல்லினியின் கைவண்ணம் என்று பல்லாண்டுகள் போற்றப்பட்டது. ஃபாஸ்டர்சின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கவனிப்பாரற்று இருந்தன. 1970-களின் இறுதியில் அறிஞர்கள் அவற்றைக் கலங்களோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பொற்கொல்லரின் தவற்றை மட்டுமன்று; வாங்கியோரின் விருப்பத்தையும் கவனிக்க வேண்டும். அவர்கள் தேடியது குறையேதும் இல்லாத ஓர் இறந்தகாலம். வடுவும் தேய்மானமும் இல்லாத பழமையை அவர்கள் கேட்டார்கள்; அது அவர்களுக்குச் செய்து தரப்பட்டது. உண்மையான பழம்பொருளில் யாரோ உண்டதன், எடுத்ததன், கழுவியதன் தடம் இருக்கும். அத்தடத்தை விரும்பாத கண், பொய்யை எளிதில் வரவேற்கும். இது கலைக்கு மட்டும் பொருந்தும் நீதியன்று.

லிஸ்பன் மேசை

இனி நம் கடற்பக்கம் வருவோம். வியன்னாக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் சிறிய படிக யானை ஒன்று இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் செதுக்கப்பட்டது. லிஸ்பனில் பொற்கொல்லர் பிரான்சிஸ்கோ லோப்பஸ் அதற்குக் கட்டு அமைத்து உப்புக் கலம் ஆக்கினார். அதே அருங்காட்சியகத்தில் பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்த இலங்கைப் படிகக் கரண்டிகளும் உண்டு. படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது. உளியால் கொத்தினால் பிளந்துவிடும். மணற்பொடியிட்டு நாட்கணக்கில் தேய்த்துத்தான் உருவெடுக்க வேண்டும். யானையின் பொறுமையும் செதுக்கியவரின் பொறுமையும் அச்சிறு கல்லில் ஒன்றாகத் தெரிகின்றன. இங்கும் லோப்பசின் பெயர் நிலைத்தது. யானையைக் கண்ணால் கண்டு அறிந்திருந்த அந்தக் கையின் பெயர் நிலைக்கவில்லை.

இப்பொருள்களைத் திரட்டியவர் போர்த்துக்கல் அரசி கத்தரீனா. பேரரசர் ஐந்தாம் சார்லசின் தங்கை. மன்னர் மூன்றாம் யோவானின் மனைவி. 1507-இல், தந்தை இறந்தபின் பிறந்த குழந்தை. மனநலம் குன்றியவர் என்று அடைக்கப்பட்ட தாயோடு தோர்தெசில்லாஸ் மாளிகையில், வெளியுலகம் காணாமல் வளர்ந்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரையும் தமக்கு முன்னே பறிகொடுத்தவர். அவருடைய பேழைகளில் கீழைநாட்டுப் படிகமும் தந்தமும் நிறைந்ததைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. வெறுமையை நிரப்ப மனிதர் பொருளைத் தேடுவது என்றும் உள்ளதே. அவர் அவற்றை உறவினர்க்குப் பரிசாக அனுப்பியும் மகிழ்ந்தார். 1578-இல் அவர் மறைந்தபின் அத்திரட்டு சிதறியது. லிஸ்பன் அரண்மனையே 1755-இன் நிலநடுக்கத்தில் அழிந்தது. இலங்கைப் பொருள்கள் பல இன்று வியன்னாவிலும் மியூனிக்கிலும் காணக் கிடைக்கின்றன.

அப்பொருள்கள் லிஸ்பனுக்கு வந்த வழி அரசியல் வழி. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு, தம்பி மாயாதுன்னையின் பகைக்கு அஞ்சிப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினான். தன் பேரன் தர்மபாலனின் பொன்னுருவைத் தூதர் கையில் அனுப்பினான். 1543-இல் மன்னர் யோவான் அவ்வுருவுக்கு லிஸ்பனில் முடிசூட்டினார். அந்நிகழ்ச்சி செதுக்கப்பட்ட தந்தப் பேழை, பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்ததாக மியூனிக் கருவூலத்தில் இருக்கிறது. தர்மபாலன் 1557-இல் திருமுழுக்குப் பெற்றான். 1580-இல் நாட்டையே போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிக் கொடுத்தான். பேழையின் அழகை மட்டும் பார்ப்பவர் அதனுள் ஓர் அரசு அடங்கிப் போனதைக் காண்பதில்லை.

நாலாயிரம் பணம்

தூதர் லிஸ்பனில் இருந்த அதே காலத்தில், 1542-இன் இறுதியில், புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் நடந்துகொண்டிருந்தார். பரதவ மக்கள் 1535-37-இல் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் மறையைக் கற்பிக்க ஆளில்லை. ஊர்தோறும் சிறுவர்களைக் கூட்டிச் செபங்களைச் சொல்லிக் கொடுக்க அவர் வேதியர்களை அமர்த்தினார். அவர்களுக்குப் படியளக்க வேண்டும். பணத்திற்கு எங்கே போவது?

அவருடைய தொடக்க கால வரலாற்றாசிரியர் ஒருவர் தரும் செய்தி இங்கே நினைக்கத்தக்கது. முத்துக்குளிக்கும் மக்கள் செலுத்திய வரியில் நாலாயிரம் பணம் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. போர்த்துக்கீசியர் தம் ஏடுகளில் 'ஃபனம்' என்று எழுதியது நம் 'பணம்' என்னும் சொல்லையே. அத்தொகையை வேதியர்களுக்குத் தந்துதவுமாறு சவேரியார் அரசிக்கு எழுதினார். மறை கற்கும் இக்கரையோரக் குழந்தைகளே தங்களை விண்ணகத்திற்கு ஏற்றிச் செல்லும் மேலான காலணி என்னும் கருத்தில் அம்மடல் அமைந்திருந்ததாம். அரசியும் இசைந்தார் என்று அவ்வரலாறு கூறும்.

படிக யானையைத் திரட்டிய அரசியும் இவரே. காலணிப் பணத்தைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்த அரசியும் இவரே. கலை நூல்கள் முதற்செய்தியைச் சொல்கின்றன. மறைபரப்பு நூல்கள் இரண்டாவதைச் சொல்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த மேசை முழுமையாகத் தெரிகிறது. மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பு வரியாயிற்று. வரி அரசியின் வரவாயிற்று. அவ்வரவின் ஒரு துளி மட்டும் ஒரு புனிதரின் வேண்டுகோளால் கரைக்கே திரும்பி வந்து, குழந்தைகளின் நாவில் செபமாயிற்று. போர்த்துக்கல் அதிகாரிகள் செல்வம் சேர்ப்பதில் காட்டிய அக்கறையை மறைப்பணியில் காட்டவில்லை என்று அதே சவேரியார் மன்னருக்கே துணிந்து எழுதியவர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

திருச்சபையும் பொன்னும்

இவ்வாறு சொல்வதால், பொன்னும் மணியும் வேண்டாதவை என்று நாம் முடிவு கட்டவில்லை. திருச்சபை அழகை ஒருநாளும் பகைத்ததில்லை. மங்கும் உலோகத்தால் ஆன திருக்கிண்ணத்தின் உட்புறம் பொன்முலாம் பெற வேண்டும் என்று திருப்பலி ஒழுங்கே கூறுகிறது. தொலைநாட்டுச் சிப்பிக்கு வெள்ளிக் கட்டு அமைத்த கொல்லரிடமும் ஒரு வணக்கம் இருந்தது. படைப்பின் வியப்புக்கு மனிதன் செய்த மரியாதை அது. எனினும், நான்காம் நூற்றாண்டில் கைதிகளை மீட்பதற்காகப் புனித அம்புரோஸ் ஆலயக் கலங்களை உருக்கினார். குறைகூறியவர்களுக்கு, பொன்னைக் காப்பதைவிட மனிதரைக் காப்பதே மேல் என்று விடை தந்தார். பசித்த கிறிஸ்துவை வாயிலில் நிறுத்திவிட்டுப் பீடத்தில் பொற்கலம் வைப்பதால் என்ன பயன் என்று புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் மக்களைக் கேட்டார். இருவரும் கலத்தை இகழவில்லை. எதற்காக என்னும் கேள்வியைக் கலத்தைவிட மேலாக வைத்தார்கள்.

அக்கேள்வியை அருங்காட்சியகங்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. லிஸ்பன் அரசியின் கணக்கேடுகளை அறிஞர்கள் வரிவரியாகப் படித்து, எப்பொருள் எங்கிருந்து எவ்வழி வந்தது என்று காட்டி வருகிறார்கள். சூரிக் ரீட்பெர்க் அருங்காட்சியகம் 2010-இல் இலங்கைத் தந்தப் பேழைகளுக்கென்றே கண்காட்சி நடத்தியது. கட்டை மட்டும் போற்றிய காலம் போய், கல்லையும் செதுக்கிய கையையும் தேடும் காலம் வந்திருக்கிறது. அக்கைகளின் பெயர் ஒருவேளை என்றும் கிடைக்காமற் போகலாம். பெயரில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்வதே முதல் நேர்மை.

நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் பங்கு ஆலயங்களில் வெள்ளிக் குத்துவிளக்கிலும் கதிர்ப்பாத்திரத்திலும் நன்கொடையாளர் பெயர் பொறித்து வைக்கிறோம். அதைச் செய்த தட்டாரின் பெயரை எங்கும் எழுதுவதில்லை. நாளும் அதைத் துலக்கி வைக்கும் கோயில்பிள்ளையின் பெயரை எண்ணுவதும் இல்லை. பங்கு ஏட்டில் ஒரு வரி போதும்: இக்கலத்தைச் செய்தவர் இன்னார், இன்ன ஊரினர், இன்ன ஆண்டு. நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதை ஏந்திப் பார்ப்பவர்க்கு, இன்று நம்மை வருத்தும் அந்த வெற்றிடம் இராது.

ஆண்டவர் தம் சீடர்களை மண்ணுலகிற்கு உப்பு என்று அழைத்தார். உப்பின் பயன் சுவை தருவதிலும் கெடாமல் காப்பதிலும் இருக்கிறது. அதை ஏந்தும் கலம் படிகமாயினும் மண்ணாயினும் உப்பு ஒன்றே. வியன்னாவின் அந்த யானை முதுகில் இன்று உப்பு இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் வெறுங்கலமாக நிற்கிறது. அதைக் காணும் வாய்ப்புப் பெறுவோர் அதன் அழகை வியக்கட்டும். செதுக்கிய கையையும், கடலடியில் துழாவிய கைகளையும் ஒரு கணம் நினைந்து, அவர்களுக்காக ஒரு செபம் சொல்லட்டும். முத்திரை பெறாத அக்கைகளை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். நம் பெயர்களைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பவர் அவரே.